பொயின்டரா, லாப்ரடோரா?

கனகரெத்தினம் நாய் கொடுக்கிறாரா, பெண் கொடுக்கிறாரா என்று மிஹ்லாருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அவ்வளவு கேள்வி.

வீட்டில் எத்தனை பேர்? மதில் உண்டா? நாய் எங்கே படுக்கும்? நீங்கள் தொழுவது உள்ளேயா, விறாந்தையிலா?

மிஹ்லார் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னான். வீடு சம்மாந்துறைக்கு அப்பால், வயலோரம். அவனும் மனைவி நஸ்லியாவும்தான். ஒரே அறை, அதனால் தொழுகையெல்லாம் விறாந்தையில். நாய் கேட்டு வந்தது ஆசைக்கு அல்ல. போன போகத்தில் பாதி வேளாண்மையைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனது. இந்த முறையும் அப்படியென்றால் வயலை விட்டுவிட்டு கட்டாருக்கு டிரைவர் வேலைக்குப் போக வேண்டியதுதான்.

பாண்டிருப்பில், நாய் பழக்கிக் கொடுக்கும் கனகரெத்தினத்தின் முற்றத்தில் இரண்டு சாதி வேட்டை நாய்கள் நின்றன. ஒன்று லாப்ரடோர். பொன்னிறம், கொழுகொழுவென்று இருந்தது, கண்டதும் ஓடிவந்து வாலாட்டியது. மற்றது பொயின்டர். ஒல்லி, வெள்ளை உடம்பில் கபிலப் பொட்டுகள், எட்டவே நின்று மோப்பம் பிடித்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து மிஹ்லார் லாப்ரடோரை மனதில் வைத்துத்தான் வந்திருந்தான்.

"அது உங்கட வீட்டுக்குச் சரிவராது தம்பி," என்றார் கனகரெத்தினம். "வேட்டைச் சாதிதான், ஆனா ஆளக் கண்டா மேல பாஞ்சு நக்கும். மனிசர்ர காலடியில கிடக்காட்டி அதுக்கு நித்திர வராது. பொயின்டருக்கு ஓட வெளி இருந்தாப் போதும். இதக் கொண்டு போங்க."

சரி, அதையே தாருங்கள் என்றான். ஆனால் உடனே தர மனிதர் ஒப்பவில்லை. இன்னும் பழக்க வேண்டும், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மறுபடி போனான். அதே பதில். அதற்கடுத்த முறை போனபோது யாரோ ஒருவர் லாப்ரடோரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். பொயின்டருக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டாம். அந்தக் கிழமைதான் பன்றிகள் வயலின் வாய்க்கால் பக்கத்து மூலையைத் துவைத்துவிட்டுப் போயிருந்தன.

நஸ்லியாவுக்கு முதலில் இருந்தே நாய் என்றால் ஆகாது. எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்து. நாய் வந்தால் தனக்கு வேறு வேலையே இருக்காது என்று பயந்தாள். பயிருக்குக் காவல் என்றால் வைக்கலாம் என்பதால்தான் ஒத்துக்கொண்டிருந்தாள். ஒத்துக்கொண்டும் நாய் வந்து சேராதபோது அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"நல்ல நாய ஜீப்காரனுக்குக் குடுத்துட்டார். மெலிஞ்சதத் தரவும் மனமில்ல. நாம முஸ்லிம் எண்டதாலதான் இந்த இழுவ," என்றாள்.

மிஹ்லாரின் மனதிலும் அதுதான் ஓடியது.

ஒரு வழியாக அழைப்பு வந்தது. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே போய் நாயைக் கூட்டி வந்தான். அதை வயல் மூலையில் கட்டச் சொன்னாள் நஸ்லியா.

குறை சொல்ல முடியாத நாய். வரம்பு வரம்பாக மூக்கை வைத்துக்கொண்டு ஓடும். காட்டோரம் ஒரு அசைவு தெரிந்தாலும் குரைத்து ஊரைக் கூட்டும். பன்றிகள் எல்லை தாண்டுவதை விட்டன. கதிர் முற்றி, தலை சாய்ந்து நின்ற வயலைப் பார்த்து மிஹ்லார் மனம் நிறைந்து அல்ஹம்துலில்லாஹ் என்றான். கட்டார்ப் பேச்சு நின்றுபோனது. நாயின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டார்கள்.

ஒரு நாள் பின்னேரம், அஸர் தொழுகை நேரம். நஸ்லியா விறாந்தையில் தொழுகைப் பாயை விரித்தாள். நாய் படியிலேயே படுத்திருந்தது. துரத்துவதற்குத் தடியை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் நாய் தானாக எழுந்து முற்றத்தைத் தாண்டிப் போய் மாமரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. அவள் தொழுது முடித்துப் பாயைச் சுருட்டியபோதுதான் எழுந்து திரும்பி வந்தது.

தற்செயல் என்று நினைத்தாள். பொழுதுபட்டு மஃரிபு தொழும்போதும் அதேதான். மறுநாள் மிஹ்லார் பாயை விரித்தபோதும் நாய் மரத்தடிக்கே போனது.

"நீங்களா இதப் பழக்கினீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கெங்க நாய் பழக்கத் தெரியும்," என்றான் அவன்.

அறுவடை முடிந்ததும் புது அரிசியோடு இருவரும் பாண்டிருப்புக்குப் போனார்கள். கனகரெத்தினம் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி கேதீஸ்வரி தேத்தண்ணி கொடுத்தார். நஸ்லியா விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதயேன் கேக்கிறீங்க பிள்ள. தம்பி முதல் நாள் வந்து போனதில இருந்து ஒவ்வொரு பின்னேரமும் இவருக்கு இதான் வேல. முத்தத்தில பாய விரிக்கிறதும், குனியிறதும், நெத்திய நிலத்தில வைக்கிறதும். நாய் கிட்ட வந்தாக் கலைச்சுப்போட்டுத் திரும்ப முதல்ல இருந்து. முழங்கால் வருத்தக்கார மனிசன். எழும்ப ஏலாமக் கிடப்பார், நான்தான் தூக்கிவிடுறது. இப்பவும் அந்தக் காலுக்கு எண்ணெய் போடத்தான் வைத்தியரிட்டப் போயிருக்கார்."

நஸ்லியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிஹ்லார் தலையைக் குனிந்துகொண்டான்.

கேதீஸ்வரி அதைக் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே போனார்.

"நானும் ஏசினன். வயலுக்கு வாற பண்டி கலைக்கத்தானே கேட்டவங்க, அது பழகிட்டுத்தானே, குடுத்துவிடுங்களன் எண்டன். 'பண்டி கலைக்கிற நாய ஆரும் குடுப்பாங்க. அந்தப் பிள்ளையள் நிம்மதியாத் தொழ விடுற நாயாத்தான் நான் குடுப்பன்' எண்டுட்டார்."