யாருக்கு உரிமை?

“அவரை இந்த ஊர்லதான் அடக்கம் பண்ணுவேன். யார் தடுக்கிறாங்கன்னு பார்க்கிறேன்!”

உள்ளறையிலிருந்து வந்த குரலைக் கேட்டு, ஏணி உச்சியில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் வாயைப் பிளந்தார். பல்லில் கவ்வியிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த இளைஞன் அதைப் பொறுக்கி மேலே நீட்டினான்.

“இந்த ஊர்ல அவனுக்கு யார் இருக்கா?” இது வயதான பெண்ணின் குரல். “நம்ம ஊர்ல அவங்க அப்பா பக்கத்துல வைக்கணும். பெத்தவ நான் சொல்றேன்.”

“கட்டினவ நான் சொல்றேன் அத்தை! உங்க ஊருக்கு பஸ்ஸே கிடையாது. தினம் நான் எப்படி வந்து பார்க்கிறது?”

“தினம் வரப் போறாளாம்! எங்கிட்ட போன்ல ரெண்டு வார்த்தை பேசவே உனக்கு நேரம் இல்ல.”

எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் கூட்டம் இல்லை. அழுகைச் சத்தம் இல்லை. சாவு வீட்டில் யாராவது ஃபேன் மாட்டுவார்களா? ஒருவேளை கூட்டம் வரப் போகிறதென்று மாட்டுகிறார்களோ?

“பட்டாளத்துல துப்பாக்கி வெடிச்சு மரியாதை செய்வாங்க அத்தை.”

“வெடியே கூடாது! சின்ன வயசுலேர்ந்து அவனுக்கு அந்தச் சத்தம்னா ஆகாது.”

இளைஞன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். பாவம், நெருங்கின சிநேகிதன் போலிருக்கிறது.

“தம்பி, நான் வேணா நாளைக்கு வரட்டுமா? வீடு இப்படி இருக்கும்போது...”

“நாளைக்கு ஆள் இருக்க மாட்டாங்கண்ணே. இன்னிக்கே முடிச்சிடுங்க.”

அதற்குள் அந்த வயதான அம்மா வாசற்படிக்கு வந்து, “டீ குடிக்கிறீங்களாப்பா? சர்க்கரை போடலாமா?” என்று சாதாரணமாகக் கேட்டார். எலக்ட்ரீஷியன் வாய் திறப்பதற்குள் உள்ளே திரும்பி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “பட்டாளத்துல அம்மாவா, பொண்டாட்டியான்னு பார்க்க மாட்டாங்களாம். அவன் கைப்பட எந்தப் பேர் எழுதியிருக்கோ, அந்த ஆளுக்குத்தான் உரிமை.”

“அது என் பேராத்தான் இருக்கும்!”

“என் பேரு! பத்து மாசம் சுமந்தது யாரு?”

ஒரு வழியாக ஃபேன் சுற்றியது. எலக்ட்ரீஷியன் இறங்கி வந்து, வாசற்படியில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்துக் கைகூப்பினார்.

“மனசைத் தேத்திக்கோங்கம்மா. நாட்டுக்காகப் போன உயிர். அதை வச்சு இப்படிச் சண்டை போடக் கூடாது. அவர் ஆத்மா என்ன பாடுபடும்!”

“ஒரு பாடும் படலை அண்ணே. உங்க ஏணியைத்தான் பிடிச்சிட்டிருந்தது” என்றான் இளைஞன்.

எலக்ட்ரீஷியன் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

“நாளைக்கு எல்லைக்குக் கிளம்பறேன் அண்ணே. ஒருவேளை ஏதாவது ஆயிட்டா என்னை எங்கே வைக்கணும்னு யார் முடிவு பண்றதுன்னு, ஒரே ஒரு பேர் எழுதிக் கொடுத்துட்டுத்தான் போகணும். அது எங்க சட்டம். காலையிலேர்ந்து அதுக்குத்தான் இந்த அடிதடி.” சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தான். பேனா மூடியைத் திறந்தான். “சரி, சொல்லுங்க. யார் பேரை எழுதட்டும்?”



மனைவி ஓரடி பின்னால் போனாள். “அத்தை பேரையே எழுதிடுங்க.”

“ஐயோ, என் பேரை எழுதாதேடா!” அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “பெத்தவ கேட்டு வாங்கிக்கிற உரிமையாடா இது? அவ பேரை எழுது.”

“வேண்டாம்... நான் மாட்டேன்” என்று முகத்தை மூடிக்கொண்டாள் அவள்.

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, கதவுப்பக்கம் நழுவிக்கொண்டிருந்தவரைக் கேட்டான்.

“அண்ணே, உங்க பேர் என்ன?”