பணிவான கன்ட்ரோலர்

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர்சுற்றும் கூடார வண்டி ஒன்றில் ஒரு பேட்டரி இருந்தது. கூரைமேல் இருந்த சோலார் தகடு தரும் மின்சாரத்தை அளந்து ஊற்ற அதற்கு ஒரு கன்ட்ரோலர் தேவைப்பட்டது. இரண்டு கன்ட்ரோலர்கள் வந்தன.

"வயிறு நிரம்பினா நிறுத்திடுவேன். கெஞ்சினாலும் தரமாட்டேன். மேல போனா கொதிச்சுச் செத்துடுவீங்க" என்றது முதலாவது.

"அண்ணே, உங்க வயித்துக்கு அளவு சொல்ல நான் யாரு? ஆசைதீரக் குடிங்க" என்றது இரண்டாவது.

மரியாதை தெரிந்த இரண்டாவதையே பேட்டரி வைத்துக்கொண்டது.

கோடை வந்தது. பேட்டரிக்குள் நீர் கொதித்து வற்றியது. விலா உப்பிப் பிளந்தது. "போதும், நிறுத்துடா!" என்று அலறியது.

"எனக்கு நிறுத்தத் தெரியாதுண்ணே. தெரிஞ்சவனைத்தான் அனுப்பிட்டீங்களே."

கூரைமேல் இருந்த சோலார் தகட்டிடம் பேட்டரி முனகியது: "அந்த முதலாமவன் மட்டும் கொஞ்சம் பணிவாப் பேசியிருந்தா, நான் பிழைச்சிருப்பேன்."