பத்துக்கு ஒரு மெழுகு மணி

அம்மா அப்போதுதான் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, மணிச்சரத்தைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்ட பிறகே ஏசுதாஸ் அண்ணன் கவனித்தான். அம்மா தப்பாகக் கோத்திருந்தாள்.

தேவிகுளம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. எதிரே கல்லூரிப் பேராசிரியர். அவர் தேர்ந்தெடுப்பவனுக்குக் கல்லூரியில் இலவசப் படிப்பு. இல்லையென்றால் அண்ணனுக்கு நாளை முதல் தேயிலைக் காடு.

அவனோ ஏற்கெனவே முழங்கிவிட்டான். இது பெப்டைடுக்கு ஒரு மாதிரி; பெப்டைடு என்றால் சோதனைக்கூடத்திலும் செய்யக்கூடிய குட்டிப் புரதச் சங்கிலி. கோக்கும் வரிசை நம் கையில் இருந்தால், தண்ணீரில் அது தானாக மடிந்து எடுக்கும் உருவமும் நம் கையில். இந்தச் சரம் ஸ்பிரிங்காகச் சுருளும்.

பெரிய மணிகளுக்கு மட்டும் மெழுகு பூசியிருந்தான். வெந்நீரில் மெழுகு மெழுகோடு ஒட்டும். மூன்று சின்ன மணிக்கு ஒரு பெரிய மணி என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

சரத்தில் பத்துக்கு ஒன்று இருந்தது. போதாததற்கு இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சு வேறு.

நான் தொட்டியில் ஊற்றி மீந்த வெந்நீர்ச் சட்டியோடு அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அண்ணன் கலக்கினான். ஐந்து மெழுகு மணிகளும் நகர்ந்து நகர்ந்து நடுவில் ஒட்டிக்கொண்டன. சின்ன மணிகள் ஐந்து வளையங்களாகப் புடைத்தன.

தண்ணீருக்குள் ஒரு பூ.

“ஸ்பிரிங் எவிடே தம்பி?” என்று மலையாளம் கலந்து கேட்டார் பேராசிரியர்.

அண்ணன் சரத்தைப் பிரித்து நீட்டி, மறுபடி விட்டான். மறுபடியும் பூ.

பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே பிரித்துவிட்டுக் கலக்கினார். அவருக்கும் அதே பூ.

“இந்த வரிசை ஆரோட யோசனை?”

தன் யோசனை என்று அண்ணன் சொல்லியிருக்கலாம். ஆனால் வாசலில் நின்ற அம்மாவைக் காட்டினான். “தப்பாயிருச்சு சார். நான் மூணுக்கு ஒண்ணுன்னுதான் சொன்னேன்.”

“வரிசைதான் உருவம்னு நீ சொன்னது தப்பில்லையே” என்று சொல்லி, பேராசிரியர் தேர்வுப் பட்டியலில் அவன் பெயரை எழுதிக்கொண்டார். பிறகு அம்மாவிடம் திரும்பினார். “அம்மா, அதென்ன பத்துக்கு ஒண்ணு?”

“இவன் செயிக்கணும்னு செபமாலை சொல்லிக்கிட்டே கோத்தேன் சாரே. பத்து அருள்நிறை மந்திரத்துக்குப் பத்து சின்ன மணி, ஒரு பரலோக மந்திரத்துக்கு ஒரு பெரிய மணி. கை அது பாட்டுக்குப் போயிருச்சு.”

பேராசிரியர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கல்லூரியில் காட்ட இன்னொரு சரம் கோத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

அம்மா சிரிக்கவில்லை.

“அதுக்கென்ன சாரே, கோத்துருவோம். உங்களுக்கு என்ன வேண்டுதல்னு மட்டும் சொல்லுங்க.”