வலது காலுறை

அண்ணி தரையில், கொழுந்தனின் காலடியில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் கூடியிருந்த உறவுக்காரர்களுக்கு அந்தக் காட்சி நிறைவாக இருந்தது.

"ஒன்பது வருஷம் கழிச்சு அக்காவுக்கு முட்டி மடங்குது," என்றாள் கொழுந்தனின் மனைவி. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது போல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

அண்ணி நிமிரவில்லை. அவள் மடியில் இரண்டு கம்பளிக் காலுறைகள் கிடந்தன. சாம்பல் நிறம், நெருக்கமான கைப்பின்னல். இரண்டிலும் விரல் நுனி மட்டும் மூடாமல், கண்ணிகள் பின்னல் குச்சிகளிலேயே நின்றன.

"முடிச்சே கொண்டு வந்திருக்கலாமேம்மா," என்றார் கணவனின் பெரியப்பா. அந்தக் குடும்பத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

"நுனிதான் மாமா முக்கியம். அங்க தையல் தடிச்சா நடக்க நடக்க உறுத்தும். தம்பி ஏற்கெனவே கால் நொந்தவரு."

கொழுந்தன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தான். கைத்தடி அவன் தொடைமேல் கிடந்தது. "இப்பவாவது என் கால் ஞாபகத்துக்கு வந்துச்சே, அண்ணி."

அந்தக் கால்தான் எல்லாவற்றுக்கும் சாட்சி. ஒன்பது வருஷத்துக்கு முன், தகப்பனாரின் அச்சகத்தில், காகிதக் கட்டுகளின் மேல் வைக்கும் இரும்புப் பாளம் அவன் வலது காலில் விழுந்தது. அண்ணன்தான் கோபத்தில் தள்ளிவிட்டான் என்று தம்பி சொன்னான். தான் தொடவே இல்லை என்று அண்ணன் சொன்னான். அங்கே வேறு யாரும் இல்லை.

அன்றிலிருந்து வலது கால் விரல்களில் உணர்ச்சியே இல்லை, வெந்நீர் பட்டாலும் தெரிவதில்லை என்பான் தம்பி. கைத்தடியோடு நடப்பவனை எதிரில் வைத்துக்கொண்டு மூத்தவன் பேச்சை யார் நம்புவார்கள்? மூத்தவன் இனி அச்சகப் படி ஏறக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். தம்பியை முடமாக்கினவன் என்ற பெயர் அவனோடு நிற்காமல் பிள்ளைகள் மேலும் ஒட்டிக்கொண்டது.

இப்போது பெரியப்பாவே ஒரு வழி சொல்லியிருந்தார். மூத்தவன் எல்லோர் முன்னாலும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் அச்சகத்தில் அவனுக்கு இடம் உண்டு.

மூத்தவன் கதவோரம் நின்றான். கழுத்துப் பொத்தானைக்கூட விடாமல் போட்டிருந்தான். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள வந்திருந்தாலும் முதுகு மட்டும் வளையவில்லை.

"நீங்க பேசுங்க மாமா. என் கை பாட்டுக்கு வேலை செய்யும்," என்றாள் அண்ணி.

இடது காலுறையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். முனை மழுங்கிய தடித்த ஊசியில் நூலைக் கோத்து, முன்குச்சியில் ஒரு கண்ணி, பின்குச்சியில் ஒரு கண்ணி என்று மாற்றி மாற்றி எடுத்தாள். நூலை இழுத்துவிட்டதும் நுனி மூடிக்கொண்டது. எங்கே சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

கொழுந்தனின் மனைவி அதை வாங்கி நுனியைத் தடவிப் பார்த்தாள். குறை ஒன்றும் அகப்படவில்லை. "நிறம்தான் கொஞ்சம் அழுக்கா இருக்குக்கா."

"சில வீட்டுல அழுக்கு வெளியே தெரியக் கூடாதே. அதுக்குத்தான்."

வலது காலுறையை அண்ணி அவன் காலிலேயே மாட்டினாள். "இந்தக் கால் கொஞ்சம் மெலிஞ்சிருக்கும். போட்டுப் பாத்துத்தான் மூடணும்."

மழுங்கின ஊசியை டப்பாவில் போட்டுவிட்டு, துழாவி வேறொன்றை எடுத்தாள். அது அவள் கணவன் அச்சகத்தில் புத்தகம் தைத்த பழைய ஊசி. நூலைக் கோத்து, கட்டைவிரல் பக்கமிருந்து ஆரம்பித்தாள்.

"விரலை ஆட்டாம வைங்க, தம்பி."

"ஆட்டணும்னு நெனச்சாலும் ஆடாதே அண்ணி. அதைத்தானே உங்க வீட்டுக்காரர் என்கிட்ட இருந்து பறிச்சுட்டாரு."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஒரு அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணியின் கை நிற்கவில்லை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சரி, பெரியவனே. முன்னால வா. சொல்ல வேண்டியதைச் சொல்லிடு."

மூத்தவன் இரண்டடி முன்னால் வந்தான். கொழுந்தன் கைத்தடியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அண்ணனின் வாயையே பார்த்தான். ஒன்பது வருஷமாக அவன் காத்திருந்த வார்த்தை வரப்போகிறது.

"தம்பி, நான்..." என்று மூத்தவன் தொடங்கினான்.

அண்ணி கடைசிக் கண்ணிக்குள் ஊசியை நேராக இறக்கினாள்.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. கைத்தடி தரையில் உருண்டது. கொழுந்தன் காலை வெடுக்கென்று தூக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "ஐயோ, என்ன அண்ணி, சுண்டுவிரல்ல ஏத்திட்டீங்களே."

மூத்தவனின் வார்த்தை பாதியில் நின்றது. அண்ணி தொங்கிய நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஊசியை டப்பாவில் வைத்து மூடினாள். பிறகுதான் முதல் முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எந்தக் கால் சுண்டுவிரல், தம்பி?"