இரண்டாம் எண் நாடு

நான்கு மணிக்குள் படிவம் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். கங்காதரனோ இன்னும் பேனாவைத் தொடவே இல்லை.

கரையேறிய படகின் விளிம்பில் அவர் அமர்ந்திருந்தார். விரல்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது. எதிரே அவருடைய மகள் தேவிப்பிரியா, அலைச்சறுக்குப் பலகையைப் பையிலிட்டுக் கட்டி, பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். நிற்கிறாள் என்று பெயர்தான். குதிகால் இரண்டும் மணலில் தரிக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு வடக்கே உள்ள அந்தக் குப்பத்திலிருந்து விமானம் ஏறப்போகும் முதல் பெண் அவள். இந்தோனேசியாவில் இளையோர் போட்டி. இன்று இரவு பயணம். வயது பதினேழு என்பதால், படிவத்தில் தந்தையின் ஒப்புதல் இல்லாமல் அலைச்சறுக்குச் சங்கத்தார் அழைத்துச் செல்ல மாட்டார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையின் எதிர்ப்புறத்தில் அவளை ஏற்றிச்செல்ல வந்த வேன் நின்று, நிமிடத்துக்கு ஒரு முறை ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது.

நேற்று வரை ஊரெல்லாம் பெருமை பேசியவர் கங்காதரன். இன்று காலை மீன் ஏலத்தில் ஒருவர், பெண்பிள்ளையை அனுப்புகிறாயே, அந்த ஊர் நிலவரத்தை விசாரித்தாயா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், கை பின்வாங்கிவிட்டது.

விசாரிக்க ஒரு வழி இருப்பதாகப் பயிற்சியாளர் ரமேஷ் சொன்னான். மேல்நாட்டு அரசு ஒன்று, தன் மக்கள் ஏமாறாமல் இருக்க, எந்த நாட்டில் என்ன ஆபத்து என்று அகர வரிசையில் எழுதி, ஆபத்தின் அளவுக்கு ஓர் எண்ணும் போட்டு இணையத்தில் வைத்திருக்கிறது. சொந்த மக்களிடம் பொய் சொல்வார்களா?

அவன் அப்போதுதான் கடலிலிருந்து ஏறியிருந்தான். ஈர விரலால் அலைபேசியைத் தட்டினான். உச்சி வெயிலில் திரை மங்கியது. உள்ளங்கையால் நிழல் கட்டி, ஆங்கிலத்தைத் தமிழாக்கி உரக்க வாசித்தான்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தெரு நாய்களை நெருங்காதீர்கள். கடித்தால் தாமதமின்றி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

குப்பத்துப் பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்.

சாலை விதிகளைப் பலர் மதிப்பதில்லை. எதிர்த்திசையிலும் வண்டி வரும். திருவிழா நெரிசலில் உயிர் போவதுண்டு. கடலில் நீரோட்டம் இழுக்கும். காப்பாற்ற ஆள் இருப்பார் என்று நம்பி இறங்காதீர்கள்.

தேவிப்பிரியாவின் தாய் தனக்கோடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெண்கள் இருட்டிய பிறகு தனியே நடமாட வேண்டாம். பகலிலும்கூட... ரமேஷ் குரலைத் தாழ்த்தி, அந்த வரியைப் பாதியில் விட்டான்.

“இன்னா ஊருடா அது, ரமேசு? மனுசன் வாழ்ற எடமா?” என்றார் கங்காதரன். “பொண்ணப் பெத்தவன் எவனாச்சும் அங்க வுடுவானா?”

தேவிப்பிரியாவின் கண்கள் நிரம்பிவிட்டன. ஆனாலும் அவள் தந்தையை அறிந்தவள்.

“நைனா, எத்தினாம் நம்பர் போட்டுக்கீறான்னு கேளு.”

இரண்டு என்றான் ரமேஷ்.

கங்காதரனின் நெற்றி சற்றே தளர்ந்தது. அவர் அறிந்த எச்சரிக்கை, துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு. அதற்குப் பதினொன்று வரை எண் உண்டு. இரண்டு என்றால் புயல் எங்கோ நடுக்கடலில் இருக்கிறது. படகைக் கொஞ்சம் மேலே இழுத்துக் கட்டினால் போதும், வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. அந்த அரசின் எண்கள் நான்கோடு முடிந்துவிடும் என்பது ரமேஷுக்குத் தெரியும். அவன் பேனாவை நீட்டினான்.

ரெண்டாம் நம்பருக்கெல்லாம் நீ புருசனைக் கடலுக்கு விடாமல் என்றைக்குக் கட்டிப்போட்டாய் என்று ஒருத்தி தனக்கோடியைச் சீண்டினாள். சிரிப்பு எழுந்தது. வேன் இரண்டு முறை அலறியது.

கங்காதரன் பேனாவை வாங்கினார். ஆனால் ஒரு நிபந்தனை. ஆபத்து என்றால் கூப்பிட ஒரு தொலைபேசி எண் வேண்டும். இவ்வளவு எழுதியவர்கள் அதை எழுதாமலா இருப்பார்கள்?

எழுதியிருந்தார்கள். பக்கத்தின் அடியில் அந்த அரசின் தூதரக அலுவலகத்து எண் இருந்தது. கங்காதரன் உள்ளங்கையை விரித்துப் பேனாவைப் பதித்தார். ரமேஷ் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“சைபர். நாலு. நாலு...”

பேனா நின்றது.

அது சென்னையின் எண். கரையோர ஐஸ் கம்பெனிச் சுவரில் எழுதியிருப்பதும் அப்படித்தான் தொடங்கும்.

ரமேஷ் பதறித் திரையின் உச்சிக்குப் போனான். ஆங்கில அகர வரிசையில் இந்தோனேசியாவுக்கு நேர் மேலே இருப்பது இந்தியா. ஈர விரல் அதைத்தான் தொட்டிருந்தது.

கூட்டத்தில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கேட்ட வரிகளைக் கங்காதரன் ஒவ்வொன்றாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். பொய் என்று அடிக்க ஒன்றும் அகப்படவில்லை.

சரியான பக்கத்தைத் திறக்கப் போன ரமேஷைக் கையமர்த்தினார். படித்த வரையில் போதும் என்றார். படிவத்தைத் தொடையில் வைத்து, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

தேவிப்பிரியா கூவிய கூவலில் படகோரக் காகங்கள் எழும்பிப் பறந்தன. படிவத்தை வாங்கிப் பாஸ்போர்ட்டுக்குள் செருகினாள், தாயைக் கட்டிக்கொண்டாள், பலகையைத் தோளில் ஏற்றினாள், வழியனுப்ப யாரும் வர வேண்டாம், தினமும் தனியே போய்வரும் வழிதானே என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கங்காதரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார். சாலையோரத்தில் அவளை எட்டிப் பிடித்தார். இடமும் வலமும் பார்த்தார். பிறகு, வண்டி வரக்கூடாத பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார்.

மகளின் மணிக்கட்டை இறுகப் பற்றிய பிறகே காலை எடுத்து வைத்தார்.