ஒற்றைக்கண் தோட்டக்காரன்

“தோட்டக்காரனைக் கொன்னுடுங்க,” என்றார் டியூஷன் மாஸ்டர். “இருந்த இடம் தெரியக் கூடாது.”

மாடி அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பேனாவை எடுத்தார்கள். மாஸ்டர் எழுதி அச்சடித்த நோட்ஸில், ‘தோட்டக்காரனின் குணநலன்கள்’ என்றிருந்த பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துத் தீர்த்தார்கள். முதல் வரிசையில் இருந்த அவருடைய மகள் ஸ்கேல் வைத்து அடித்தாள்.

“இவன் நாவல்லயே இல்லாத ஆளு. நானாப் பெத்துப் போட்டது,” என்றார் மாஸ்டர். “இவனைப் பத்தி ஒரு வரிகூட யாரும் மனப்பாடம் பண்ண வேண்டாம். விஷயம் இந்த ரூமை விட்டு வெளியே போகவும் கூடாது. முக்கியமா எதிர்ச் சாரிக்கு.”

எதிர்ச் சாரியில் டியூஷன் நடத்துபவன் வேறு யாருமல்ல, அவருடைய மச்சான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. இவரிடமே தொழில் கற்று, இவர் வீட்டுச் சோற்றையே தின்று, இவருக்கு நேரெதிரிலேயே போர்டு மாட்டியவன். வருஷா வருஷம் இவர் நோட்ஸ் வெளிவந்த மறுவாரம் அவனுடையதும் வந்துவிடும், கமா, முற்றுப்புள்ளிகூட மாறாமல்.

“உன் தம்பி திருடன்” என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாஸ்டருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“ஒரே நாவல், அதே ஆளுங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே எழுதுவீங்க?” என்பாள் அவள். தம்பியை விட்டுக்கொடுப்பாளா?

அதற்குத்தான் இந்த வருஷம் பொறி வைத்தார். பாடமாக வந்திருந்தது ஒரு பழைய ஆங்கில நாவல். பெரிய மாளிகை, ஒரு கஞ்சச் சீமான், அவனுடைய விதவைத் தங்கை, அவள் சொத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டு அலையும் வக்கீல். இவர்களுக்கு நடுவே, இடது கண் தெரியாத ஒரு தோட்டக்காரனைச் செருகிவிட்டார். விசுவாசம், பொறுமை, ரோஜாச் செடியிடம் பிள்ளைப் பாசம் என்று குணத்துக்கு ஒரு பத்தி.

யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமே அவருக்கு இல்லை. நோட்ஸ் இருக்க நாவலைப் படிக்க எவனுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது? அவரே காலேஜில் ஒரு தடவை படித்ததோடு சரி.

“வெளியாளுங்களும் நம்ம நோட்ஸை வாங்கறாங்களே, அவங்க பாவம் இல்லையாப்பா?” என்றாள் மகள்.

“டியூஷனுக்கு வராம நோட்ஸை மட்டும் வாங்கறவன் எக்கேடோ கெட்டுப் போகட்டும். நீ உன் வேலையைப் பாரு. குணநலன்தான் கட்டாயக் கேள்வி. அதுல கோட்டை விட்டா, நீ ஆசைப்படற காலேஜ் சீட்டு கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடும்.”

கீழே நோட்ஸ் விற்பது மனைவியின் வேலை. சாயங்காலம் அவள் சொன்னாள், “இன்னிக்குப் பரீட்சை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தார். அவ்ளோ பெரிய நாவலை யாரும்மா படிக்கறது, இது போதும்னு வாங்கிட்டுப் போனார்.”

“பார்த்தியா, பரீட்சை ஆபீஸ்காரர் வீட்டுப் பிள்ளைக்கே என் நோட்ஸ்தான் வேண்டியிருக்கு,” என்று மாஸ்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மறுவாரம் மச்சானுடைய நோட்ஸ் வந்தது. பக்கத்தைப் புரட்டினால் தோட்டக்காரன் ஜம்மென்று உட்கார்ந்திருந்தான். அதே விசுவாசம், அதே பொறுமை, அதே ரோஜாச் செடி. மச்சான் சொந்த மூளையைச் செலவழித்தது ஒரே ஓர் இடத்தில்தான். இடது கண் தெரியாதவனை வலது கண் தெரியாதவனாக ஆக்கியிருந்தான்.

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை, சொன்னால் தம்பி காதுக்குப் போய்விடும். பரீட்சை முடிந்து பெற்றோர்கள் கூடி நிற்கும்போது, பள்ளிக்கூட வாசலில் வைத்து அந்தத் திருட்டுப் பயலின் மானத்தை வாங்குவது என்று முடிவு செய்தார்.

இங்கிலீஷ் பரீட்சை அன்று, இரண்டு நோட்ஸையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். மனைவியையும் கையோடு அழைத்து வந்திருந்தார், தம்பியின் லட்சணத்தை அவளும் பார்க்கட்டும் என்று.

மணி அடித்தது. மச்சானிடம் படித்த பிள்ளைகள் முதலில் வந்தார்கள், தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தபடி. சிரிங்கடா, சிரிங்க, மார்க் வரட்டும் என்று மாஸ்டர் மனதுக்குள் கறுவினார்.

மச்சான் நேரே இவரிடம்தான் வந்தான். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நோட்ஸை வெளியே எடுத்தார். வாயைத் திறப்பதற்குள் அவன் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“மாமா, திட்டறதா இருந்தா திட்டிக்குங்க. வருஷா வருஷம் உங்க நோட்ஸைத்தான் காப்பியடிக்கறேன். இன்னிக்கு என் பிள்ளைங்க தப்பிச்சது உங்க புண்ணியம்.”

“கேட்டியா? அவன் வாயாலயே சொல்லிட்டான்,” என்று மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் இவரைப் பார்க்கவில்லை. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த இவருடைய டியூஷன் பிள்ளைகளையும், அவர்களுக்கு நடுவே அழுது முகம் வீங்கி வந்த மகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா ஆச்சு? கட்டாயக் கேள்வி யாரைப் பத்தி? சீமானா, வக்கீலா?”

மகள் கேள்வித்தாளை அவர் கையில் திணித்தாள்.

“தோட்டக்காரன்பா. நாமதான் கொன்னுட்டோமே.”