ஒரு குழாய் இளமை

“மனிதகுல வரலாற்றில் முதன்முறையாக, பிறந்த தேதியைப் பொய்யாக்கி ரத்தம் பேசப் போகிறது!” என்று காப்பி அறையில் முழங்கினார் பேராசிரியர் ரூரிக்.

மனிதகுலத்தின் சார்பில் இரண்டு பேர் ஏலக்காய் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் துறைத் தலைவி ஹில்க்கா. இன்னொருத்தி ஆய்வாளர் சைமி.

பின்லாந்தில் அறுபத்தெட்டு வயதானால் பேராசிரியர் நாற்காலியைக் காலி செய்தாக வேண்டும். ரூரிக்குக்கு அடுத்த வாரம் அறுபத்தெட்டு. ஆனால் ரத்தத்திலுள்ள அமினோ அமிலங்களை அளந்து ஒருவரின் நிஜ வயதைச் சொல்லும் முறையைக் கண்டுபிடித்தவரே அவர்தானே! தன் ரத்தம் ஐம்பதுக்குக் கீழ் என்று சொல்லிவிட்டால் பதவி நீட்டிப்பு வேண்டும் என்று அடம்பிடித்து, ஹில்க்காவைச் சம்மதிக்கவும் வைத்திருந்தார்.

வீட்டிலேயே ரத்தம் எடுத்து, பெயர் ஒட்டி, அவர் கொண்டுவந்த குழாய் இப்போது கருவிக்குள். சைமி எழுந்து முடிவைப் பார்க்கப் போனாள். ரூரிக்குக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

“உக்காருங்க ரூரிக். நீங்க நடந்தா மெஷின் வேகமா ஓடாது.”

“ஆம்பளைக்கு லூசின், வேலின் மாதிரி அமினோ அமிலமெல்லாம் பொம்பளையைவிடத் தூக்கலா இருக்கும், ஹில்க்கா. வயசாக ஆக எங்களுக்கு இறங்கும், உங்களுக்கு ஏறும். கடைசியில ரெண்டும் ஒண்ணாயிடும். என்னோடது எங்க நிக்குதுன்னு பாருங்க!”

“பாக்கறேன். நாங்கதான் ஏறிக்கிட்டிருக்கோமே, மேலேருந்து நல்லாத் தெரியும்.”

சைமி திரும்பி வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எழுபத்தொன்பது.”

“என்னது?”

“ஆணா பொண்ணான்னும் நிச்சயமாச் சொல்ல முடியலையாம்.”

ஹில்க்காவுக்குக் காப்பி புரையேறியது.

“தப்பு! சுத்தத் தப்பு!” என்று குதித்தார் ரூரிக்.

“சரி, கையை நீட்டுங்க. இப்பவே இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாம்,” என்றாள் சைமி.

“வேண்டாம்!” கையைச் சட்டென்று கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“அப்போ எதுதான் தப்பு? உங்க முறையா?” என்றார் ஹில்க்கா. “இதைத்தானே முப்பது வருஷமா ஊர் ஊராப் போய்ச் சொன்னீங்க?”

ரூரிக் மனசுக்குள் கணக்குப் போட்டார். முறை தப்பு என்றால் பதக்கங்கள், பட்டங்கள், கூடத்துச் சுவரில் மாட்டிய ஆளுயரப் படம் எல்லாம் போச்சு.

“முறை... தப்பாது,” என்றார் ஈனசுரத்தில்.

“அப்போ வெள்ளிக்கிழமை பிரிவு உபசாரம். கேக் சொல்லிடறேன்.”

குழாயில் இருந்தது அவருடைய இருபத்து நான்கு வயது மகனின் ரத்தம்.